அம்மம்மாவின் முதிரைப் பெட்டகத்துக்கு யாரிடம் விலை கேட்பது? (திருகோணமலை)

உவர்மலை அக்கா:
வணக்கம். அம்மா போன மாசியில் காலமானார். வீடு, காணி பற்றி எங்களுக்குள் பிரச்சினை இல்லை. சாமான்கள்தான் பிரச்சினை. தம்பி கனடாவில், தங்கச்சி லண்டனில், நான் மட்டும் இங்கே.

இருப்பவை இவை. அம்மம்மாவின் சீதனமாக வந்த முதிரை மரப் பெட்டகம், நாலடி நீளம், பித்தளைப் பூட்டு. அதற்குள் ஒரு தகர டப்பாவில் ஏழு செப்புக் காசுகள். அம்மப்பா டொக்யார்ட்டில், அதாவது இங்கிருந்த கடற்படையின் கப்பல் பட்டறையில், வேலை செய்தவர். 1957இல் ஆங்கிலேயக் கடற்படை போனபோது அவருக்குக் கிடைத்த சுவர்க் கடிகாரம் ஒன்றும் பீங்கான் தட்டுகள் பன்னிரண்டும் உண்டு. சாமியறையில் கண்ணாடி போட்ட லட்சுமி படம்.

1990இல் போர் நேரம் நாங்கள் உடுத்த உடுப்போடு ஓடினோம். திரும்பி வந்தபோது பெட்டகத்தின் பூட்டை உடைத்திருந்தார்கள், ஆனால் பெட்டகம் இருந்தது. டப்பாவும் அடியில் கிடந்தது. அம்மா அன்றைக்கு அதைக் கட்டிப்பிடித்து அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

போன கிழமை கொழும்பிலிருந்து பழைய சாமான் வாங்குபவர் ஒருவர் வந்தார். கால் மணி நேரம் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து 90,000 ரூபாய் என்றார். "பெட்டகம் உளுத்துப் போச்சு, இரக்கப்பட்டுத்தான் எடுக்கிறன்" என்றார். காசுகளை மட்டும் மூன்று தரம் கையில் எடுத்துப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.

எனக்கு விற்கும் எண்ணமே இல்லை. பொதுவான ஒருவர் பார்த்து, எழுத்தில் விலை தர வேண்டும். நாளைக்குத் தம்பியோ தங்கச்சியோ "அக்கா ஏமாத்திப்போட்டா" என்று நினைக்கக்கூடாது. யாரைக் கேட்பது?

பழங்காசு, மட்டக்களப்பு:
அக்கா, முதலில் ஒன்று. காசுகளைக் கழுவ வேண்டாம். புளி, தேசிக்காய், சாம்பல் எதுவும் வேண்டாம். மேலே படிந்திருக்கும் அந்தக் கறுத்த பழுப்புப் பூச்சுத்தான் பழமைக்குச் சாட்சி. தேய்த்து மினுக்கிய காசுக்குச் சேகரிப்பவர்கள் பாதி விலையும் கொடுக்க மாட்டார்கள்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. (VOC) என்ற ஆங்கில எழுத்துகள் பின்னியபடி இருக்கின்றனவா? மெல்லிய காசு, மறுபக்கம் சிங்கம் அல்லது கேடயம் என்றால் நெதர்லாந்தில் அடித்த டொயிட் என்ற சின்னச் செப்புக் காசாக இருக்கலாம். அது நிறையக் கிடைக்கும். ஆனால் தடித்த, முரட்டுக் காசாக, எழுத்துகளுக்கு மேலே 'டி' (T) என்று தனி எழுத்து இருந்தால் அது திருகோணமலையிலேயே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடித்த ஸ்டைவர் என்ற ஒல்லாந்தக் காசு. 'சி' (C) என்றால் கொழும்பு, 'ஜி' (G) என்றால் காலி. உங்கள் ஊர்க் காசு உங்கள் வீட்டிலேயே இருக்கிறதென்றால் அது சின்ன விஷயமில்லை.

தம்பியிடம் ஒன்று சொல்லி வையுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் நம் சட்டப்படி தொல்பொருள். தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கனடாவுக்குக் கொண்டு போக முடியாது.

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர்:
நான் பிறந்தது திருமலை, கொழும்பில் முப்பது வருடம் காப்புறுதிக்காக வீட்டுப் பொருட்களை மதிப்பிட்டவன்.

பிள்ளை, வந்தவர் சொன்னது மதிப்பீடு அல்ல, அது அவருடைய கொள்விலை. வாங்க வந்தவரிடம் விலை கேட்கவே கூடாது. மதிப்பிடுபவர் அந்தப் பொருளை வாங்குபவராக இருக்கக்கூடாது, கூலியையும் பொருளின் விலையில் இத்தனை வீதம் என்று கேட்கக்கூடாது. மணித்தியாலத்துக்கோ பொருளுக்கோ இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒருவரை அழைக்கும் முன் கேளுங்கள்: காணி, வீடு மட்டும் பார்ப்பவரா, தளபாடமும் பழம்பொருளும் பார்த்த அனுபவம் உண்டா? நம் நாட்டில் பெரும்பாலானோர் காணி, வீடு மட்டும் மதிப்பிடுபவர்கள். பழைய ஏல நிறுவனங்களில் மற்றது தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

எதற்காக மதிப்பிடுகிறோம் என்பதையும் சொல்லுங்கள். காப்புறுதிக்கு என்றால் அதே போன்ற பொருளைப் புதிதாகத் தேடி வாங்கும் செலவு எழுதப்படும். அது பெரும்பாலும் கூடுதலாகவே வரும். பங்கு பிரிக்க அது வேண்டாம். இன்றைக்குச் சந்தையில் என்ன போகும் என்பதுதான் வேண்டும். இரண்டையும் குழப்பி ஒரே குடும்பத்தில் பத்து வருடம் பேசாமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மப்பாவின் தட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். 'இங்கிலாந்து' என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. 'மேட் இன் இங்கிலாந்து' என்றால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. கடிகாரத்தில் எங்காவது சின்ன அம்புக்குறி இருந்தால் அது பிரித்தானிய அரசுச் சொத்தின் முத்திரையாக இருக்கலாம். அம்மப்பா டொக்யார்ட்டில் வேலை செய்ததற்கான கடிதமோ படமோ இருந்தால் அதையும் கூட வையுங்கள். ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற எழுத்துக்கு உண்மையிலேயே விலை உண்டு.

மரவேலை, மூதூர்:
உளுத்தது என்றால் மரத்தூள் உதிரும், குத்தினால் ஊசி இறங்கும். முதிரையில் அது இலேசில் நடக்காது. மூலைகளில் பலகைகள் கை விரல் கோத்தது போல் சேர்ந்திருக்கின்றனவா, ஆணி சதுரமா என்று பாருங்க. பொலிஷ் மட்டும் போட்டுவிடாதீங்க. பழைய பூட்டின் தடத்தையும் அடைக்க வேண்டாம்.

உவர்மலை அக்கா:
எல்லோருக்கும் மிக்க நன்றி. பழங்காசு தம்பி, நீங்கள் எழுதும் முன்பே இரண்டு காசைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன், மன்னியுங்கள். மற்ற ஐந்தும் அப்படியே இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றில் எழுத்துகளுக்கு மேலே 'டி' இருக்கிறது.

பெட்டகத்தின் மூலைகள் மூதூர் அண்ணா சொன்ன மாதிரியே விரல் கோத்திருக்கின்றன. ஊசி இறங்கவில்லை. இரவு மூன்று பேரும் வட்ஸ்அப்பில் பேசினோம். மதிப்பீட்டாளரின் கூலியை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது என்று முடிவு. லட்சுமி படத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது அம்மா விளக்கு வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று தங்கச்சிதான் சொன்னாள்.