விபத்து அறிக்கையில் 'வாஸ் ஹேப்பண்ட்' தவறு, 'வாஸ் இன்ஜூர்டு' சரி: ஏன்?

லேத்துக்காரன் எழுதியது:
வணக்கம். ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். போன வாரம் லேத் அருகே சிந்திக் கிடந்த எண்ணெயில் ஒருவர் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் அடி, இப்போது நலமாக இருக்கிறார். என் அறிக்கைதான் நலமாக இல்லை. நான்கு வரி எழுதினேன், நான்கு சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. விளக்கம் ஒன்றும் இல்லை. எழுதியது இதுதான்:

ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட் நியர் த லேத்.
த வொர்க்கர் வாஸ் ஃபாலன் அண்ட் வாஸ் இன்ஜூர்டு.
த மேனேஜர் இன்ஃபார்ம்டு அட் டென் பி.எம்.
வி டிஸ்கஸ்டு அபவுட் த ஆயில் லீக்.

இரண்டாம் வரியில் 'வாஸ் ஃபாலன்' மீது கோடு. 'வாஸ் இன்ஜூர்டு' தப்பித்துவிட்டது. ஒரே வரியில் ஒரு 'வாஸ்' சரி, இன்னொன்று தவறு என்றால் எப்படி?

அவசரக்குடுக்கை:
எல்லா 'வாஸ்' சொல்லையும் அடித்துவிடுங்கள். வேலை முடிந்தது.

லேத்துக்காரன்:
அப்படியானால் 'த வொர்க்கர் இன்ஜூர்டு' என்று ஆகிவிடுமே. அது சரியா?

பழைய டீச்சர்:
சரியில்லை, தம்பி. அடித்துவிடாதீர்கள். 'இன்ஜூர்' என்றால் 'காயப்படுத்து'. 'த வொர்க்கர் இன்ஜூர்டு' என்று நிறுத்தினால், படிப்பவர் 'யாரைக் காயப்படுத்தினார்?' என்று காத்திருப்பார். பாவம், அடிபட்டவரையே அடித்தவராக்கிவிடுவீர்கள்.

வினையைப் பார்த்து 'யாரை?', 'எதை?' என்று கேளுங்கள். காயப்படுத்தினார், யாரை? தொழிலாளியை. பதில் வருகிறது, அவரை எழுவாயாக்கி 'வாஸ் இன்ஜூர்டு' என்று எழுதலாம். விழுந்தார், யாரை? கேள்வியே நிற்கவில்லை. நிகழ்ந்தது, எதை? அதுவும் அப்படியே. செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டு வினை கிடையாது. ஆகவே 'ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பண்ட்', 'த வொர்க்கர் ஃபெல்'. 'டை', 'அக்கர்', 'அரைவ்' எல்லாம் இதே வரிசை.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று வகுப்பறையில் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். நாம் மனத்தில் 'விபத்து ஏற்பட்டது' என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறோம். அந்தப் 'பட்டது' காதில் விழுந்ததும் கை தானாக 'வாஸ்' எழுதிவிடுகிறது. ஆனால் தமிழில் 'படு' வந்த இடமெல்லாம் செயப்பாட்டு வினை இல்லை. கோபப்பட்டார், ஆசைப்பட்டார், சிரமப்பட்டார் என்பவற்றில் யாரும் யாரையும் ஒன்றும் செய்துவிடவில்லை.

தலைகீழாகவும் நடக்கும். 'பிறந்தார்' என்பது நமக்குச் சாதாரணத் தன்வினை. ஆங்கிலத்தில் 'வாஸ் பார்ன்'. 'பேர்' என்ற வினைக்குப் பெற்றெடுத்தல் என்றும் பொருள் உண்டு. பெற்றெடுத்தவர் தாய், பெற்றெடுக்கப்பட்டவர் குழந்தை.

லேத்துக்காரன்:
'ஏற்பட்டது' என்றுதான் நினைத்து எழுதினேன், டீச்சர்! சரி, மேலாளர் வரியில் என்ன பிழை? அவரிடம் பத்து மணிக்குச் சொன்னோம்.

பழைய டீச்சர்:
நீங்கள் எழுதியபடி பார்த்தால் சொன்னவர் அவர். யாரிடம் சொன்னார் என்பதுதான் தெரியவில்லை. 'வாஸ்' தேவைப்பட்ட இடம் இதுதான்: 'த மேனேஜர் வாஸ் இன்ஃபார்ம்டு'. நீங்களே எழுவாயாக வந்தால் 'ஐ இன்ஃபார்ம்டு த மேனேஜர்'. நடுவில் 'டு' வேண்டாம்.

இரண்டு மொழிக்காரர்:
அந்த 'டு' நம் நான்காம் வேற்றுமை செய்யும் வேலை. 'மேலாளருக்குத் தெரிவித்தேன்' என்பதில் உள்ள 'கு' உருபை ஆங்கிலத்திற்கும் கூட்டிக்கொண்டு போகிறோம். 'டிஸ்கஸ்டு அபவுட்' என்பதும் இந்தக் குடும்பம்தான்: 'கசிவைப் பற்றிப் பேசினோம்'. 'டாக்' என்றால் 'அபவுட்' வரும். 'டிஸ்கஸ்' பொருளை நேராகவே பிடித்துக்கொள்ளும், 'டிஸ்கஸ்டு த ஆயில் லீக்'. வேடிக்கை என்னவென்றால், அதுவே பெயர்ச்சொல்லானால் 'எ டிஸ்கஷன் அபவுட் த லீக்' சரிதான்.

'அவர் மேல் கோபம்' என்பதால் 'ஆங்ரி ஆன்' என்கிறோம். அது 'ஆங்ரி வித்'. 'அவரோடு திருமணம்' என்பதால் 'மேரிட் வித்'; அது 'மேரிட் டு'. முன்னிடைச்சொற்களுக்கு டீச்சர் சொன்னதுபோன்ற கேள்விச் சோதனை கிடையாது. வினையோடு சேர்த்து ஒரே சொல்லாக மனப்பாடம் செய்வதே என் வழக்கம். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' மட்டும் கொஞ்சம் கருணை காட்டும்: லத்தீனிலிருந்து வந்த இவற்றுக்கு 'தேன்' வராது, 'டு' வரும்.

அவசரக்குடுக்கை:
'டிஸ்கஸ் அபவுட்' என்று இந்தியா முழுக்கச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் புரிகிறது. பிறகென்ன தவறு?

இரண்டு மொழிக்காரர்:
இந்தியா மட்டுமா, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் அப்படிச் சொல்வதுண்டு. பேச்சில் நானே கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் இவர் கையில் இருப்பது சிவப்புக் கோடு போட்ட அறிக்கை.

லேத்துக்காரன்:
திருத்திவிட்டேன். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், சரியா?

ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பண்ட் நியர் த லேத். த வொர்க்கர் ஸ்லிப்ட் ஆன் ஆயில், ஃபெல் அண்ட் வாஸ் இன்ஜூர்டு. த மேனேஜர் வாஸ் இன்ஃபார்ம்டு அட் டென் பி.எம். வி டிஸ்கஸ்டு த ஆயில் லீக். த லீக் வாஸ் நாட் ரிப்பேர்டு.

பழைய டீச்சர்:
இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் கடைசி வரியில் சரிசெய்யாதவர் யார் என்பது மறைந்துவிட்டதே. 'பை' சேர்த்து எழுதலாமே?

லேத்துக்காரன்:
அந்தக் கசிவை இரண்டு வாரமாகச் சரிசெய்யாதவர்தான் சிவப்புக் கோடு போட்டவர், டீச்சர். 'பை' வேண்டாம்.