பேருந்தா, பேரூந்தா?

வெள்ளவத்தை வாசகி:
எங்கள் அறநெறிப் பாடசாலையின் கதிர்காம யாத்திரைக்கான அறிவித்தலை எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. 'பேருந்து காலை 5 மணிக்குப் புறப்படும்' என்று நான் எழுதியிருந்ததை, அச்சுக்குக் கொடுக்கும் முன்னர் ஒருவர் 'பேரூந்து' என்று திருத்திவிட்டார். கொழும்பில் இரண்டு வடிவங்களையும் கண்டிருப்பதால் என்னால் உறுதியாக மறுத்துரைக்க இயலவில்லை. எது சரி, ஏன் சரி என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

ஓய்வுநிலைத் தமிழாசிரியர்:
நீங்கள் எழுதியதே சரி. 'பெருமை' என்னும் பண்புப்பெயர் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது, ஈற்றிலுள்ள 'மை' கெட்டு, முதலெழுத்து நீண்டு, 'பேர்' என நிற்கும். முதல் நீளும் இவ்விகாரத்தையே நன்னூல் 'ஆதி நீடல்' என்கிறது. அந்த ரகர மெய்யின் மேல் 'உந்து' என்பதன் உகரம் ஏறினால் 'ரு' என்னும் குறில்தான் வரும். பேரூரில் நெடில் வருவது 'ஊர்' நெடிலில் தொடங்குவதால். பேருதவியைப் 'பேரூதவி' என்று எவரும் எழுதுவதில்லையே.

கொட்டாஞ்சேனை அன்பர்:
ஐயா, ஊர்ந்து செல்வதால் 'ஊந்து' என்று பெயர் வந்ததாகவே எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். 'ஊர்தி' என்ற சொல்லும் அப்படித்தானே வந்தது?

ஓய்வுநிலைத் தமிழாசிரியர்:
மயக்கம் பிறக்கும் இடமே அதுதான். 'ஊர்தி' ஊர்தலிலிருந்து வந்தது உண்மை; ஆனால் 'ஊர்ந்து' என்பது வினையெச்சம், 'ஊந்து' என்றொரு பெயர்ச்சொல்லோ தமிழில் இல்லை. உந்துதல் என்றால் முன்னோக்கித் தள்ளுதல். இயந்திரம் உந்திச் செலுத்துவதால் அது உந்து. மோட்டார் சைக்கிளை நாம் 'உந்துருளி' என்றுதான் எழுதுகிறோம், 'ஊந்துருளி' என்று அல்ல. மாலை வேளையில் காலி வீதியில் பேருந்து ஊர்ந்துதான் செல்கிறது என்பது வேறு விடயம்.

வெள்ளவத்தை வாசகி:
மிக்க நன்றி ஐயா. உந்துருளியைச் சொன்னதும் திருத்தியவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் 'தரிப்பிடம்' என்பதை 'நிறுத்தம்' என்று மாற்ற வேண்டும் என்கிறார்.

கொட்டாஞ்சேனை அன்பர்:
அதை மாற்ற வேண்டாம், சகோதரி. தரித்தலுக்கு அணிதல் என்பதோடு தங்குதல், நிற்றல் என்னும் பொருள்களும் உண்டு. தமிழ்நாட்டில் நிறுத்தம், நமக்குத் தரிப்பிடம். ஆனால் வாகனங்களை விட்டுச்செல்லும் இடத்தையும் நாம் தரிப்பிடம் என்பதால், பிள்ளைகள் இடம் மாறி நிற்காதிருக்க, 'பேருந்துத் தரிப்பிடம்' என்று தகர ஒற்றோடு முழுமையாக எழுதிவிடுங்கள்.