குன்னூரில் லாவெண்டர் அழுகுகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். குன்னூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில், மத்தியதரைக்கடல் பாணியில், தானாக முளைத்ததுபோல் ஒரு தோட்டம் அமைத்து வருகிறேன். ரோஸ்மேரி செழிக்கிறது. லாவெண்டர்தான் மனத்தை வருத்துகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, தொட்டதும் தோல் உரிந்து விரலோடு வந்தது. அதன் சொந்த மண்ணில் கோடை வறண்டிருக்கும், சுண்ணாம்புச் சத்தும் உண்டு. இங்கேயோ இரண்டு பருவமழை, அமிலத்தன்மையுள்ள செம்மண்.

சரளைக்கல் கலந்து மேட்டுப்பாத்தி போட்டால் தாங்குமா? எத்தனை அடி உயரம் வேண்டும்? வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள் பூவுக்காக ஸ்காட்ச் புரூம் என்ற அயல்நாட்டுப் புதரை மட்டும் பரிந்துரைக்காதீர்கள். நீலகிரிப் புல்வெளிகளை அது விழுங்கியது போதும். இடைவெளிகளில் நம் தவிட்டுப்பழச் செடியை வைக்க ஆசை. நாற்று எங்கே கிடைக்கும்?