டீ ஃபேக்டரிக்கு முதல்ல எது வாங்கறது, கலர் சார்ட்டரா சாஃப்ட்வேரா?

கோத்தகிரி_குளிரு:
வணக்கமுங்க. கோத்தகிரி பக்கம் எங்களுது சின்ன ஃபேக்டரி, சொந்த தோட்டம் கிடையாது, விவசாயிங்ககிட்ட கொழுந்து வாங்கி சிடிசி டஸ்ட் (டீக்கடைக்கு போற டீத்தூள்) போட்டு குன்னூர் ஏலத்துக்கு விடறோம். சீசன்ல ஒரு நாளைக்கு 10,000 கிலோ கொழுந்து வரும். லோன் ஓகே ஆயிருச்சு, அதோட வீட்ல சண்டையும் ஆரம்பிச்சிருச்சு. அப்பா, டீல இருக்கற காம்பு நாரை கலர் பாத்து பிரிக்கற கலர் சார்ட்டர் மெஷின் வாங்கலாம்ங்கறார் (பக்கத்து ஃபேக்டரில வாங்கிட்டாங்க, அதான் காரணம்). தம்பி கோயமுத்தூர்ல ஐடி, ஈஆர்பி (ஃபேக்டரி கணக்கெல்லாம் ஒரே இடத்துல பாக்கற சாஃப்ட்வேர்) போடு டாஷ்போர்டு வைன்னு உயிரை எடுக்கறான். ரெண்டுக்கும் காசு பத்தாது, எது முதல்ல?

டிரையர்_மாமா:
தம்பி, அடுத்த அஞ்சு வருஷம் யாருக்கு என்ன டீ விக்கப் போறீங்க? அத சொல்லாம மெஷின் பேரை மட்டும் சொன்னா எப்படி. ஆர்த்தடாக்ஸ் (தூளாக்காம இலைய சுருட்டி பண்ற டீ) போட்டு எக்ஸ்போர்ட் போறீங்கன்னா சார்ட்டர்க்கு அர்த்தம் இருக்கு, பையர் இலைய கைல கொட்டிப் பாப்பார், காம்பும் நாரும் கண்ல அடிக்கும். டஸ்ட் வாங்கற டீக்கடைக்காரருக்கு கலர் வரணும் டிகாஷன் எறங்கணும் அவ்ளோதான், முத்தல் இலைய வாசல்ல உள்ள விட்டுட்டு கடைசில சார்ட்டர் வச்சா முத்தல் கொழுந்தாயிருமா? நானும் சொந்த பிராண்ட் பாக்கெட் போடறேன்னு பேக்கிங் மெஷின் வாங்கினவன்தான், கடை பிடிக்க ஆளே இல்ல, இப்ப அது மேல சாக்கு காயுது.

குன்னூர்_கணக்கு:
மாமா சொல்றது சரி. டஸ்ட்தான்னா கணக்க பாருங்க, 100 கிலோ கொழுந்துக்கு 22, 23 கிலோ டீ வரும், இந்த அவுட்டர்ன் 22ல இருந்து 23 ஆனாலே உங்க 10,000 கிலோல தினம் 100 கிலோ டீ கூட. டீ போர்டு பங்கு கணக்கு 65:35, டீ வித்த காசுல விவசாயிக்கு 65 ஃபேக்டரிக்கு 35, அந்த 35க்குள்ளதான் விறகு கரண்ட் கூலி எல்லாம். அதனால டிரையர் வாயில ஈரம் பாக்க ஒரு மீட்டர் (சுமார் 3 சதவீதத்துல நிக்கணும், அதுக்கு மேல காயவச்சா விறகும் போச்சு எடையும் போச்சு), கொழுந்த வாட விடற விதரிங் ட்ரஃப் ஃபேனுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்த கூட்டி குறைக்கற கருவி), இது ரெண்டும் சார்ட்டர் விலைல ஒரு மூலைக்கு வராது. ஈஆர்பிய தள்ளி வைங்க, எடையே நோட்டுல தப்பா ஏறினா டாஷ்போர்டு அந்த தப்ப கலர் கலரா காட்டும்.

மஞ்சூர்_விவசாயி:
நான் கொழுந்து குடுக்கறவன், குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். மழை நாள்ல ஈர மூட்டை தராசுல ஏறும், ஏஜென்ட் கண்ணால பாத்துட்டே "தண்ணி கழிவு"ன்னு ஒரு நாள் மூட்டைக்கு 2 கிலோ கழிப்பாரு, மறுநாள் 4 கிலோ, கேட்டா வேற ஃபேக்டரிக்கு போய்க்கோம்பாரு. போயிருவோம்ல! எடை எவ்ளோ கழிவு எவ்ளோன்னு அந்த இடத்துலயே போனுக்கு மெசேஜ் வர்ற தராசு வைங்க, நல்ல கொழுந்து எல்லாம் உங்களுக்குத்தான் வரும். சிக்னல் இல்லாதப்பவும் வேல செய்யணும், மழைல எங்க ஊர்ல டவர் தூங்கிரும்.

கோத்தகிரி_குளிரு:
அப்பாகிட்ட கேட்டேன், அஞ்சு வருஷத்துக்கு டஸ்ட்தான்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார், இத்தன நாளா யாருமே கேக்கலயாம். மீட்டர் இந்த வாரமே வாங்கறோம், தராசு முதல்ல ரெண்டு கலெக்‌ஷன் பாயிண்ட்ல மட்டும். தம்பி கோவிச்சுக்கிட்டான், அந்த தராசு ஆப்ப நீயே எழுதுன்னு சொன்னதும் சரியாயிட்டான். மாமா, அந்த பேக்கிங் மெஷின் என்ன விலைக்கு குடுப்பீங்க?

டிரையர்_மாமா:
தம்பி வேண்டாம்.