மகளின் முகத்துக்கு எது பொருந்தும்?

அன்புத் தோழிகளே, 15 வயது மகளுக்காகக் கேட்கிறேன். முகம் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டால் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் மினுங்குகிறது. மெல்லிய தாளை ஒற்றினால் கறை படிகிறது. கன்னங்களோ வறண்டு இழுக்கின்றன, வாயோரம் வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. இரண்டும் கலந்த சருமம் என்றே நினைக்கிறேன். பள்ளித் தோழி சொன்னாளென்று எலுமிச்சைச் சாறு தேய்க்கக் கிளம்பினாள். அந்தப் புளிப்போடு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும் என்று தடுத்துவிட்டேன். எண்ணெய்தான் வழிகிறதே என்று மாய்ஸ்சரைசரைத் தொடவே மறுக்கிறாள். சென்னைப் புழுக்கத்தில் பிசுபிசுக்காத, வாசனை சேர்க்காத ஜெல் வகை எது? பரு கிளப்பாத எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 சன்ஸ்கிரீன் உண்டா? பிள்ளைகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். செதில் நிற்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவேன். வெள்ளையாக்கும் கிரீம்களை மட்டும் தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள். அவளுடைய மாநிறம் அழகாகவே இருக்கிறது.