இஸ்திரிப்பெட்டியில் டி-சர்ட் பிரிண்ட் போட்டவர்கள் வாங்க, மனசை விட்டுப் போகாத ஒரு அனுபவத்தைச் சொல்லுங்க

வடசேரி_மாடிவீடு

நானே ஆரம்பிக்கிறேன். சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு வெள்ளை டி-சர்ட், நெஞ்சில் அவர் படம். டிரான்ஸ்ஃபர் பேப்பரில் படத்தை அச்சடித்து, துணியில் கவிழ்த்து வைத்துப் பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளுமே, அந்த முறை. ஆனி மாதம், சாரல் விட்டபாடில்லை. ஏழு போட்டு முடித்தபோது நாலில் மூலை எழும்பிவிட்டது. என் பெட்டி ஸ்டீம் பெட்டி. அடியில் துளை இருக்கிற இடத்தில் சூடு சரியாகப் படாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மீதி ஐந்தையும் தூக்கிக்கொண்டு தெருமுனைத் தேய்ப்புக்காரரிடம் ஓடினேன்.

அவரிடம் இருந்தது சிரட்டைக்கரி போடுகிற பழைய பித்தளைப் பெட்டி. டி-சர்ட்டைக் கையில் வாங்கியதும் "ஈரமா கெடக்கே" என்றார். "காலைல இருந்து ஃபேனுக்கு அடியில கெடந்தது அண்ணாச்சி, காஞ்சாச்சு" என்றேன். "கன்னத்துல வச்சுப் பாரு மக்களே" என்று திருப்பி நீட்டினார். வைத்தேன், சில்லென்று இருந்தது. விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரிகிறது.

முதலில் வெறும் துணியை முன்னும் பின்னும் இரண்டு தடவை தேய்த்தார். அடியில் மெத்து இருக்கக் கூடாது என்று நான் சொன்னதும் வண்டியில் விரித்திருந்த கம்பளியைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் பலகையில் டி-சர்ட்டைப் போட்டார். பேப்பரை வைத்து, பெட்டியை இழுக்காமல், இரண்டு கையையும் ஊன்றி, உடம்பின் பாரம் மொத்தத்தையும் இறக்கி அழுத்தினார். ஒவ்வொரு இடத்துக்கும் நான் இருபது எண்ணினேன். சூட்டோடு உரிக்கிற பேப்பர் அது. மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தார். சித்தப்பா மீசை நுனிவரை முழுசாக வந்திருந்தார்.

ஐந்துக்கும் சட்டை தேய்க்கிற கூலிதான் வாங்கினார். நான் உறவுக்காரர்களிடம் தலைக்கு 250 ரூபாய் வாங்கியிருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. "இந்தப் பேப்பர் எங்க கிடைக்கும் மக்களே?" என்று கேட்டார். நாகர்கோவிலிலேயே ஸ்டேஷனரிக் கடையில்தான் வாங்கியிருந்தேன். "வெளியூர்ல இருந்து வரவழைக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அவரும் தொழிலில் இறங்கிவிடுவாரோ என்று ஒரு நொடி தோன்றியது, வாயில் வந்துவிட்டது. இப்போது அந்த முனையில் அவர் வண்டி இல்லை.

தூத்தூர்_விங்கர்

அக்கா, எனக்கு ஜெர்சிக் கதை. எங்கள் பக்கத்தில் பந்து விளையாட்டு எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலையில் மேட்ச். எங்கள் கோல்கீப்பர் பையன் புது ஜெர்சியோடு ராத்திரி வந்து, "அண்ணே, முதுகுல 1 போட்டுத் தாங்க" என்றான். அதற்கு முன்னால் காட்டன் டி-சர்ட்டில் முப்பதுக்கு மேல் போட்டிருக்கிறேன். அதே திமிரில் பெட்டியைக் கடைசிவரை திருகி வைத்து அழுத்தினேன்.

நாலைந்து விநாடிதான் இருக்கும். பெட்டிக்கடியில் துணி இழுத்துக்கொள்வது கைக்குத் தெரிந்தது. தூக்கினால் நூல்நூலாகப் பெட்டியோடு வருகிறது. பிளாஸ்டிக் உருகுகிற வாடை. முதுகில் பெட்டியின் வடிவம் அப்படியே பளபளவென்று சுருங்கி நின்றது, பப்படம் எண்ணெயில் சுருண்டதுபோல. அவன் அம்மா மீன் விற்ற காசில் வாங்கிக் கொடுத்த ஜெர்சி. "பரவால்லண்ணே, முன்னால நல்லாத்தான இருக்கு" என்று அதையே போட்டு விளையாடினான். கோல்போஸ்ட் பக்கம் அவன் திரும்பும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜெயித்தோம். ஆனாலும் எனக்கு அந்த மேட்சில் ஞாபகம் இருப்பது அந்த முதுகு மட்டும்தான்.

தக்கலை_இங்க்

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

வடசேரி அக்கா, கரிப்பெட்டியை யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள். சாம்பல் ஒரு துளி பேப்பருக்கு அடியில் போனால் படத்தில் கரும்புள்ளி விழும். சூடு ஏறுவது இறங்குவது கையில் இல்லை. அந்த அண்ணாச்சிக்குக் கைப்பழக்கம், அவ்வளவுதான்.

தம்பி, ஜெர்சி பாலியெஸ்டர். கழுத்து லேபிளில் இஸ்திரிப்பெட்டிப் படமும் அதற்குள் புள்ளியும் இருக்கும். ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி வரை, இரண்டு 150, மூன்று 200. நம் டிரான்ஸ்ஃபர் பேப்பர் பெரும்பாலும் மூன்று புள்ளிச் சூட்டில்தான் ஒட்டும். பாலியெஸ்டர் அதைத் தாங்காது. ஜெர்சிக்கு எண் போட வேண்டுமானால் குறைந்த சூட்டில் ஒட்டுகிற வினைல் ஷீட் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கு. சப்ளிமேஷன் என்று ஒன்று சொல்வார்கள், சூட்டில் இங்க் ஆவியாகித் துணிக்குள் இறங்குகிற முறை. அது பாலியெஸ்டரில்தான் பிடிக்கும், அதுவும் வெள்ளையிலோ வெளிர் நிறத்திலோதான்.

பொதுவாகவும் சில விஷயம். புது டி-சர்ட்டை ஒரு தடவை துவைத்துக் காயப்போட்டு அப்புறம் பிரிண்ட் போடுங்கள். கஞ்சி, கம்ஃபர்ட் எதுவும் போடக் கூடாது, பசை பிடிக்காது. அடுக்களைக் கிரானைட் மேடையில் வைத்துத் தேய்க்காதீர்கள், கல் சூட்டைக் குடித்துவிடும். மரப்பலகைதான் நல்லது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் பெட்டியைச் செருகாதீர்கள். 1000 வாட்ஸ் பெட்டியை வீட்டு இன்வெர்ட்டர் பலதும் தாங்காது. படத்தைச் சுற்றி வெற்று இடம் விடாமல் ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். மூலையைக் கூராக விடாமல் வளைத்து வெட்டினால் பாதி எழும்பாது. தமிழ் எழுத்தைப் பழைய டிசைன் சாஃப்ட்வேரில் அப்படியே ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். படமாக மாற்றிவிட்டுப் போடுங்கள். மஞ்சள் டி-சர்ட்டில் ஆள் படம் வேண்டாம். இங்குக்குத் துணியை மறைக்கிற சக்தி கிடையாது, முகம் காமாலைக்காரன் மாதிரி வரும்.

என் கதை சின்னது. இங்க்ஜெட் பேப்பரை நண்பனின் ஆபீஸ் லேசர் பிரிண்டரில் விட்டுவிட்டேன். லேசர் உள்ளே சூடாக்கித்தான் அச்சடிக்கும். பேப்பரில் இருந்த பசை உருகி உருளையில் சுற்றிக்கொண்டது. அவன் சம்பளத்தில் பிடித்ததை அவன் என்னிடம் சொல்லவே இல்லை, அவன் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

தூத்தூர்_விங்கர்

அண்ணே, புள்ளிக் கணக்கு எனக்கும் அப்புறம் தெரிந்துவிட்டது. நான் சொல்ல வந்தது அந்தப் பையனைப் பற்றி. உங்கள் நண்பர் கதையைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

முக்கடல்_டியூஷன்

2024 டிசம்பர் கடைசி. வள்ளுவர் சிலைக்கு வெள்ளிவிழா, கண்ணாடிப் பாலமும் அப்போதுதான் திறந்தார்கள். என்னிடம் டியூஷன் படிக்கிற பதினான்கு பிள்ளைகளுக்கும் சிலைப் படம் போட்ட வெள்ளை டி-சர்ட் செய்து கொடுத்தேன். எழுத்தே இல்லை, படம் மட்டும். பேப்பரைக் கவிழ்த்து ஒட்டுவதால், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பி அச்சடிக்க வேண்டும், அதுதான் மிரர். "எழுத்துக்குத்தான் மிரர், படத்துக்கு எதுக்கு" என்று நேராகவே பிரிண்ட் எடுத்துவிட்டேன். நானும் ஒன்று போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் என் முன்னால் நின்றார். என் நெஞ்சைப் பார்த்தார், கடலுக்குள் சிலையைப் பார்த்தார், மறுபடியும் என் நெஞ்சைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். "தம்பி, அறம் பொருள் இன்பம்னு வள்ளுவர் மூணு விரல் காட்டுறது வலக்கையில. ஓலை இடக்கையில. உங்க சட்டையில மாறிக் கெடக்கே." நானும் திரும்பிச் சிலையைப் பார்த்தேன். எத்தனை வருடமாகப் பார்க்கிற சிலை!

பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும். மொத்தம் 133 என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். எந்தக் கை என்று பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னேன், தப்பு நடந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "நாங்க அன்னைக்கே பாத்தோம் சார்" என்றது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. நான் கோபப்படுவேன் என்று பயந்திருக்கிறார்கள். டி-சர்ட்டை மாற்றிக் கொடுத்தாகிவிட்டது. அந்த அமைதிதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் மிரர் போடுங்கள்.

திங்கள்சந்தை_மாப்ளை

சார், அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மிரர் என்பது வெளிர் துணிக்கான பேப்பருக்கு. கறுப்புத் துணிக்கான பேப்பர் வேறு. அதில் வெள்ளைப் படலம் இருக்கும், பின்தாளை உரித்துவிட்டுப் படம் மேல்பார்த்து இருக்கும்படி வைத்து, பட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கு மிரர் கூடவே கூடாது. இதை யாரோ "எப்பவும் மிரர்" என்று எழுதியதை நம்பித்தான் நான் மாட்டினேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள், கறுப்பு டி-சர்ட் பத்து, "மாப்பிள்ளைத் தோழன்" என்று. பத்தும் திருப்பி. ஒருத்தனும் கவனிக்கவில்லை. செல்ஃபி எடுக்கும்போது போன் திரையில் எழுத்து நேராகத்தான் தெரிந்தது. படம் சேவ் ஆன பிறகு பார்த்தால் தலைகீழ் மாதிரி ஏதோ வேற்று மொழி. நண்பர்கள் பத்து பேரும் என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் அதையே போட்டுக்கொண்டு விடியவிடியப் பந்தல் வேலை பார்த்தார்கள். ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கடலோர_அச்சு

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

2018 நவம்பர் கடைசி. ஒக்கி புயல் அடித்து ஒரு வருடம். பக்கத்து ஊர் அக்கா ஒருவர் வந்தார். அவர் வீட்டுக்காரர் 2017 நவம்பர் 30-க்கு முன்னால் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. நினைவுத் திருப்பலிக்கு எட்டு வயசு மகன் போட்டுக்கொள்ள அப்பா படம் வேண்டும் என்றார். அடையாள அட்டைப் படம் ஒன்றை என் போனில் எடுத்துக்கொண்டேன். போட்டுக் கொடுத்தேன். நன்றாகத்தான் வந்தது. 24 மணி நேரம் துவைக்கக் கூடாது, அப்புறமும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அழுகிற ஆளிடம் துவைக்கிற முறையை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

பையன் அன்றைக்கே குழம்பைக் கொட்டிக்கொண்டான். அக்கா சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவைத்திருக்கிறார்.

மறுநாள் பையில் மடித்துக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். என் பிரிண்டரில் கறுப்பு மட்டும் தண்ணீரில் கரையாத பிக்மெண்ட் இங்க், மற்ற மூன்று நிறமும் சாதா டை இங்க். தண்ணீருக்குக் கரையும். முகத்தின் நிறம் முழுக்கக் கரைந்து கீழே இளஞ்சிவப்பாக வழிந்திருந்தது. புருவம், மீசை, தலைமுடி மட்டும் அப்படியே கறுப்பாக நின்றது. நடுவில் முகம் இல்லை.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "போட்டோ உன் போன்ல இருக்குல்லா தம்பி? அழிச்சிரலயே?"

அவரிடம் வேறு நல்ல படம் இல்லை. அட்டையும் பழசாகி முகம் மங்கிக்கொண்டிருந்தது. போனை எடுத்துக் காட்டினேன். திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அன்றைக்கே மார்த்தாண்டத்தில் நாலு நிறமும் பிக்மெண்ட் உள்ள பிரிண்டர் வைத்திருக்கிற நண்பனிடம் போய் மறுபடியும் எடுத்தேன். துவைக்கிற முறையைத் தாளில் எழுதி, கூடவே சொல்லியும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று போன் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றிலும் அந்தப் படம் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதைக் கொடுப்பேன்.

வடசேரி_மாடிவீடு

தம்பி, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத வரவில்லை. அந்த இரண்டாவது டி-சர்ட் நிற்கிறதா?

கடலோர_அச்சு

போன வருடம் பார்த்தேன் அக்கா. படம் நிற்கிறது, மடிப்பில் கொஞ்சம் வெடித்திருக்கிறது. பையனுக்குச் சேராது. அக்கா அலமாரியில் வைத்திருக்கிறார்.

தக்கலை_இங்க்

மடித்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி, ஹேங்கரில் போடட்டும். அந்தப் படம் உங்களிடம் இருக்கிறதல்லவா? எனக்கு அனுப்ப வேண்டாம், நீங்களே நேரில் கொண்டுவாருங்கள். இங்கே டிடிஎஃப் மெஷின் இருக்கிறது. படலத்தில் வெள்ளை இங்கோடு அடித்து, பசைப் பவுடர் உருக்கி ஒட்டுவது, துவைத்தால் கரையாது. பையனுக்குப் புதிதாக ஒன்று போடுவோம். காசு வேண்டாம்.

கடலோர_அச்சு

சரிண்ணே. இப்போது பதினைந்து வயதுக்கு மேல் இருக்கும், அப்பாவை மாதிரியே உயரம். மீடியமா லார்ஜா என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன்.