சீரியல் லைட்டைப் பற்றி 5 வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: கிறிஸ்துமஸ் குடிலில் போட்ட பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனதும் மொத்தமும் அணைந்துவிட்டது, "மத்த பல்பெல்லாம் ஏன் தூங்குது"ன்னு மகள் விடாமல் கேட்கிறாள். என்ன சொல்ல?

பதில் 1: ஒரு கயிற்றை வட்டமாக முடிந்து எல்லோரும் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இழுத்தால் கயிறு முழுக்க ஒரே நேரத்தில் ஓடும், அதுதான் கரண்ட். ஒருவர் இறுக்கிப் பிடித்தால் எல்லார் கையிலும் நின்றுவிடும், ஃபியூஸ் போன பல்பு செய்வதும் அதேதான்.

பதில் 2: அண்ணன் அக்கா இருந்தால் கணக்கும் சொல்லலாம்: 230 வோல்ட்டை 40 பல்பு பங்கு போட்டால் ஆளுக்கு 6 வோல்ட்கூட வராது. ஆனால் அந்தப் பழைய செட்டைப் பிள்ளை தொடவே கூடாது, பேட்டரி எல்இடி வாங்கிக் கொடுங்கள்.

கேட்டவர்: கயிறு விளையாடினோம். இப்போது ஃபியூஸ் போன பல்பாக யார் நிற்பது என்றுதான் சண்டை! ரொம்ப நன்றி.